பூஜையில் இருக்கும் ஸ்பேனர்

காசிமாயன் கணக்கில் உலகத்தில் மனிதர்கள் இரண்டே வகை. சக்கரத்துக்கு நட்டு முடுக்கத் தெரிந்தவர்கள் ஒரு வகை. மீதி எல்லாரும் இன்னொரு வகை. முதல் வகையில் மொத்தமே இரண்டு பேர்தான். ஒருவர் உசிலம்பட்டியில் லாரிப் பட்டறை வைத்திருந்து காலமாகிவிட்டார். இன்னொருவர் யாரென்று காசிமாயன் தன் வாயால் சொல்லமாட்டார். கேட்கிறவனுக்கே அது தெரிந்திருக்க வேண்டும். தெரியாவிட்டால் அவனும் இரண்டாம் வகைதான்.

இருபத்திரண்டு வருஷம் லாரி ஓட்டி, இடுப்பு போன பிறகு திருப்பூருக்கு வந்து, அனுப்பர்பாளையத்தில் நஞ்சம்மாள் நிட்ஸ் என்கிற பனியன் கம்பெனியில் வேன் டிரைவராகச் சேர்ந்தவர் அவர். மூலனூர்ப் பக்கத்திலிருந்து இருபத்து மூன்று பெண்களைக் காலையில் ஏற்றி வர வேண்டும், சாயங்காலம் கொண்டுபோய் இறக்க வேண்டும். வண்டி மூலனூரிலேயே நிற்பதால் அவரும் மனைவி ராக்கம்மாளும் அங்கேயே வாடகைக்குக் குடியிருந்தார்கள். அந்த இருபத்து மூன்று பேரில் ராக்கம்மாளும் ஒருத்தி. இடது பக்கப் பின் சக்கரத்துக்கு நேர் மேலே உள்ள சீட்டுதான் எப்போதும் அவளுக்கு. பள்ளத்தில் விழுந்தால் தூக்கிப் போடும் என்று மற்றவர்கள் அதில் உட்கார மாட்டார்கள். டிரைவர் பெண்டாட்டி நல்ல சீட்டைப் பிடித்துக்கொண்டாள் என்ற பேச்சு வரக்கூடாது என்று அவளே கேட்டு எடுத்துக்கொண்ட இடம் அது.

அவளுக்குக் கம்பெனியில் செக்கிங் வேலை. தைத்து வந்த பனியனை வெளிச்சத்தில் விரித்து, தையல் விட்ட இடத்திலும் ஓட்டை இருக்கிற இடத்திலும் மஞ்சள் நிற அம்புக்குறி ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டித் திருப்பி அனுப்ப வேண்டும். "பனியன்ல ஓட்டை தேடுறதுக்கு ஒரு உத்தியோகம். தேடுன ஓட்டை மறுபடி தொலைஞ்சு போகாம இருக்க அதுக்கொரு அம்பு" என்பார் காசிமாயன். ராக்கம்மாள் பதில் சொல்லமாட்டாள். பதினெட்டு வருஷம் குடித்தனம் நடத்தியவளுக்கு எதற்குப் பதில் சொல்ல வேண்டும் என்று தெரியும்.

ஆயுத பூஜை வந்துவிட்டால் நஞ்சம்மாள் நிட்ஸுக்குப் பெயிண்ட் பைத்தியம் பிடித்துவிடும். முதலாளி கந்தப்பன் ஒரு காலத்தில் மாட்டுக்குக் கொம்பு சீவி வர்ணம் அடித்த கை. மாடு போய் வேன் வந்தது, கொம்பு போய்ச் சக்கரம் வந்தது, வர்ணம் மட்டும் போகவில்லை. கம்பெனி வேன் ஐந்துக்கும் எல்லாச் சக்கரத்தையும் கழற்றி, சக்கரத் தட்டான டிஸ்க்குக்கு வெள்ளி நிறம், அது உட்காரும் டிரம்முக்குக் கறுப்பு, நட்டுக்கு ரத்தச் சிவப்பு. அதுவும் ஒரு கோட்டு அடித்தால் அவருக்குப் போதாது, இரண்டு கோட்டு. கண்ணுக்குத் தெரிகிற பக்கத்தோடு விட்டால்கூடப் பரவாயில்லை. தெரியாத உள்பக்கத்துக்கும் அடி, டிரம் முகத்துக்கும் அடி என்று பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வார். சாமிக்குச் செய்வதில் வஞ்சனை கூடாது என்பது அவர் கொள்கை.

இதில் என்ன தப்பு என்று கேட்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். சக்கரம் டிரம்மின் மேல் இரும்போடு இரும்பாகப் பொருந்தி உட்கார வேண்டும். இடையில் பெயிண்ட் இருந்தால் நட்டு இரும்பைப் பிடிக்காது, பெயிண்டைப் பிடிக்கும். கொஞ்ச தூரம் ஓடினதும் பெயிண்ட் நசுங்கிப் பொடியாகி உதிரும், உதிர்ந்த அளவுக்கு நட்டு தளரும். பின் சக்கரம் இரட்டைச் சக்கரம். டிரம்மில் ஒரு முகம், உள் டிஸ்க்கில் இரண்டு முகம், வெளி டிஸ்க்கில் இரண்டு முகம், ஆக ஐந்து இடத்தில் பத்துக் கோட்டுப் பெயிண்டைக் கடித்துக்கொண்டு ஆறு நட்டு நிற்க வேண்டும். இதைத் தெரிந்துகொள்ள என்ஜினியரிங் படித்திருக்க வேண்டியதில்லை. ஆனால் நஞ்சம்மாள் நிட்ஸில் அதைப் படித்தவனுக்கும் தெரியாது, படிக்காதவனுக்கும் தெரியாது.

படிக்காதவன் பெயர் சின்னான், ஷெட்டு மெக்கானிக். நட்டு முடுக்குவதில் அவனுக்கென்று ஒரு முறை உண்டு. வீல் ஸ்பேனரின் கைப்பிடியில் நாலடி நீளக் குழாய் ஒன்றைச் செருகி, அதன் நுனியில் ஏறி நின்று குதிப்பான். நட்டுக்கு மூன்று குதி. காசிமாயன் ஓட்டுகிற மூன்றாம் நம்பர் வேன் பெயிண்டுக்காக முந்தின நாளே ஷெட்டுக்குப் போய்விட, பெண்கள் பஸ்ஸில் வந்து போனார்கள். பூஜை அன்று காலையில் அவர் ஷெட்டுக்குள் நுழையும்போது அதன் பின் சக்கரத்தில் சின்னான் நாலாவது குதி குதித்துக்கொண்டிருந்தான்.

"லேடீஸ் வண்டிங்ணா. அதுக்குன்னு ஒரு குதி சேத்திப் போட்டிருக்கறனுங்க" என்றான், ஏதோ வரம் கொடுத்தவன் போல.

காசிமாயன் அவனை ஏற இறங்கப் பார்த்தார். நட்டு ஏறுகிற மரையாணியான ஸ்டட் இரும்புதான், ஆனாலும் அளவுக்கு மேல் இழுத்தால் நீளும். நீண்டுபோன ஸ்டட் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் கழுத்து முறியும். இதைச் சின்னானுக்குச் சொல்லிப் புரியவைப்பதற்குச் செவிடன் காதில் சங்கு ஊதலாம். சங்காவது மிஞ்சும்.

படித்தவன் பெயர் பிரபாகர், டிரான்ஸ்போர்ட் இன்சார்ஜ். கழுத்தில் அடையாள அட்டை, கையில் போன். பளபளக்கும் சக்கரங்களைக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து படம் பிடித்துக்கொண்டிருந்தான்.

"தம்பி, டிரம்ல இருக்க பெயிண்டைச் சொரண்டிட்டு மாட்டச் சொல்லுங்க" என்றார் காசிமாயன்.

"ஏனுங்ணா?"

"புடிக்காது. நட்டு தளரும்."

"போன வருசமும் அடிச்சம், அதுக்கு முந்தின வருசமும் அடிச்சம். வண்டி ஓடுச்சில்லீங். நீங்க ஸ்டியரிங்கை மட்டும் பாத்துக்கங்ணா, மத்ததை நாங்க பாத்துக்கறம்." படத்திலிருந்து கண்ணை எடுக்காமலேயே சொன்னான்.

போன வருஷமும் அதற்கு முந்தின வருஷமும் வண்டி ஏன் ஓடியது என்று அந்த மூதேவிக்குத் தெரியாது. கம்பெனி ஜாக்கி, ஸ்பேனர் எல்லாம் பூஜைக்குப் போய்விடும் என்பதால் காசிமாயன் தன் சொந்த வீல் ஸ்பேனர் ஒன்றைச் சாக்கில் சுற்றி டிரைவர் சீட்டுக்கு அடியில் வைத்திருந்தார். லாரிக் காலத்து ஸ்பேனர். பூஜை முடிந்து நாற்பது ஐம்பது கிலோமீட்டர் ஓடினதும் டீக்கடையில் வண்டியை நிறுத்தி, பெண்கள் டீ குடிக்கிற நேரத்தில், எல்லா நட்டையும் ஒன்றுக்கு எதிர் ஒன்றாக மறுபடி முடுக்கிவிடுவார். யாரிடமும் சொன்னதில்லை. இந்த அறிவாளிகளைக் காப்பாற்றியது தான்தான் என்பதை மனதுக்குள் வைத்துச் சுவைப்பதே அவருக்குப் போதுமாக இருந்தது.

இந்த வருஷம் போதவில்லை. ஸ்டியரிங்கை மட்டும் பார்த்துக்கொள்ளச் சொன்ன பேச்சு தொண்டையில் முள்ளாக நின்றது. அவர் நேராக வண்டிக்குப் போய், சீட்டுக்கு அடியிலிருந்து சாக்கை உருவி, ஸ்பேனரைக் கையில் எடுத்தார். கட்டிங் ஹாலில் கத்திரியும் மெஷின் ஊசியும் ஜாக்கியும் குழாயும் வாழை இலையில் வரிசையாகப் படுத்துக் கிடந்தன. அதோடு அதையும் வைத்தார்.

"இதையும் சேத்துக் கும்புடுங்க" என்றார் பிரபாகரிடம். ஒருதரம் பட்டால்தான் இவன்களுக்குப் புத்தி வரும் என்று நினைத்துக்கொண்டார். நினைக்கும்போது இனித்தது. படப்போவது யார் என்று அவர் நினைக்கவில்லை.

பத்து மணிக்குப் பூஜை. கந்தப்பன் தன் கையாலேயே ஒவ்வொரு ஸ்பேனருக்கும், ஒவ்வொரு சக்கர நட்டுக்கும் சந்தனம் வைத்துக் குங்குமம் இட்டார். நாளைக்கு விஜயதசமி மறுபூஜை முடிகிற வரை ஒரு சாமானையும் ஒருத்தரும் தொடக்கூடாது என்று கையெடுத்துக் கும்பிட்டபடியே அறிவித்தார். தேங்காய் உடைத்தது, சூடம் காட்டியது, ஐந்து வேனும் எலுமிச்சம்பழத்தின் மேல் ஏறி இறங்கியது, எல்லாம் ஆனது. பொரி, கடலை, சுண்டல், வாழைப்பழம் வைத்த பையோடு இருபத்து மூன்று பெண்களும் மூன்றாம் நம்பர் வேனில் ஏறினார்கள். மணி பன்னிரண்டு.

அவிநாசிபாளையம் தாண்டும்வரை வண்டி ஒழுங்காகத்தான் போனது. மயிலாள் என்கிற ஐம்பது வயதுப் பெண்தான் வண்டியில் மூத்தவள், மூலனூர்க்காரி. அவள் பக்கத்து சீட்டுக்காரி தலையில் இருந்த பூவைப் பற்றி ஏதோ சொல்லி, மொத்த வண்டியும் சிரித்துக்கொண்டு போனது. இன்னும் கொஞ்ச தூரம் போனதும் ராக்கம்மாள் எழுந்து முன்னால் வந்தாள்.

"ஏங்க, எங்காலுக்குக் கீழ யாரோ பல்லைக் கடிக்கிற மாதிரிச் சத்தம் கேக்குது."

"சுண்டல் டப்பா உருளும்."

"டப்பா எம்மடியில இருக்கு. இது தகரத்துக்கு அடியில."

"பனியன்ல ஓட்டை பாக்குறவளுக்கு வண்டிச் சத்தமெல்லாம் கேக்க ஆரம்பிச்சிருச்சாக்கும். போய் உக்காரு."

பெண்கள் சிரித்தார்கள். ராக்கம்மாள் போய் உட்கார்ந்தாள். சத்தம் காசிமாயனுக்கும் கேட்டதுதான், அவளுக்கு முன்பே கேட்டது. ஆனால் இவள் சொல்லி நிறுத்துவதாவது? இன்னும் நாலு கிலோமீட்டர் போனால் ஒரு டீக்கடை வரும், அங்கே தானாக நிறுத்தின மாதிரி நிறுத்திக்கொள்ளலாம் என்று ஓட்டினார். மூன்றாவது கிலோமீட்டரில் வண்டியின் பின்பக்கம் இடுப்பு ஒடிந்த மாதிரி ஒரு ஆட்டம் ஆடியது. பிரேக்கைத் தொடாமல், வேகத்தைக் குறைத்துக் குறைத்து, சாலை ஓரத்து வேப்பமரத்தடியில் கொண்டுபோய் நிறுத்தினார். தாராபுரத்துக்கு இன்னும் பத்து கிலோமீட்டர் இருந்தது.

இறங்கிப் பார்த்தார். இடது பின் சக்கரத்தில் ஆறு நட்டு இருக்க வேண்டிய இடத்தில் நாலுதான் இருந்தன. இரண்டு ஸ்டட் கழுத்தோடு முறிந்து, நட்டும் தலையும் எங்கோ சாலையில் விழுந்துவிட்டன. மீதி நாலில் இரண்டை விரலாலேயே திருக முடிந்தது. நட்டைச் சுற்றி வெள்ளிப் பெயிண்ட் பொடி உதிர்ந்து ஒட்டியிருந்தது. சந்தனப் பொட்டு மட்டும் கலையாமல் இருந்தது.

பெண்கள் இறங்கிச் சுற்றி நின்றார்கள். ஒருத்தியும் சிரிக்கவில்லை. ராக்கம்மாள் குனிந்து சக்கரத்தைப் பார்த்தாள், அப்புறம் நிமிர்ந்து தன் சீட்டு ஜன்னலைப் பார்த்தாள்.

"முடுக்குங்க. ஸ்பேனரை எடுங்க" என்றாள்.

"ஸ்பேனர் பூஜையில இருக்கு" என்று சொல்லிவிட்டு அவர் போனை எடுத்துக்கொண்டு அப்பால் போனார்.

பிரபாகர் நாலாவது தரம் அடித்த பிறகுதான் எடுத்தான்.

"ஜாக்கியும் ஸ்பேனரும் வேணும் தம்பி. உடனே குடுத்தனுப்புங்க. சக்கரம் ஆடுது."

"எதுங்ணா, பூஜைல வெச்சதுங்ளா?"

"வேற எங்க இருக்கு?"

"நாளைக்கு மறுபூஜை முடியாமத் தொடக்கூடாதுன்னு ஓனர் சொல்லீருக்காருங்ணா. அவரு ஊட்டுக்குப் போயிட்டாரு, கேட்டுட்டுக் கூப்பிடறன். அதுவரைக்கும் மெதுவா உருட்டிட்டுப் போயிருங்க."

"ரெண்டு ஸ்டட்டு முறிஞ்சு போச்சுங்கிறேன்."

"மீதி நாலு இருக்குதில்லீங்."

காசிமாயன் போனைச் சட்டைப்பையில் போட்டார். இந்த அறிவுக்குக் கழுத்தில் ஒரு அட்டை வேறு.

ஸ்பேனர் தேடி நடந்தார். அரை கிலோமீட்டரில் ஒரு பஞ்சர் கடை. வாசலில் இரண்டு வாழைக்கன்று, காற்று அடிக்கும் மெஷினுக்கு மாலை, கடைக்காரர் கட்டிலில் உட்கார்ந்து பொரி தின்றுகொண்டிருந்தார். கண்ணெதிரே இலையில் நாலு ஸ்பேனர் பொட்டு வைத்துக்கொண்டு கிடந்தன.

"தொடக்கூடாதுங்க. நாளைக்குக் காத்தால வாங்க, சும்மாவே குடுக்கறன்" என்றார் அவர், ரொம்ப மரியாதையாக.

"வாறேன். அதுவரைக்கும் இருபத்தி மூணு பொம்பளைகளையும் ஒங்க கடையில கட்டில் போட்டுப் படுக்க வைங்க."

அவர் ஒரு கை பொரி நீட்டினார். அடுத்தது டிராக்டர் பட்டறை. அங்கேயும் மாலை, அங்கேயும் பொட்டு, ஷட்டரே பாதி இறக்கியிருந்தது. மூலனூர் சந்தைக்கு முருங்கைக்காய் ஏற்றிப்போய்த் திரும்பிய டெம்போ ஒன்றைக் கைகாட்டி நிறுத்தினார். ஸ்பேனர் வீட்டுச் சாமி அறையில் இருக்கிறது என்றான் டிரைவர். ஆக இந்த ஒரு நாள், இந்தச் சீமையில் ஓடுகிற அத்தனை வண்டியும் ஸ்பேனர் இல்லாமல்தான் ஓடுகிறது. வருஷம் பூராவும் மனிதன் செய்ய வேண்டியதை ஒரே நாளில் சாமி தலையில் கட்டிவிட்டு, அத்தனை பேரும் சுண்டல் தின்கிறார்கள். சாமியை நினைத்தால்தான் பாவமாக இருந்தது.

கடைசியாக ஒரு டயர் கடை அகப்பட்டது. பெத்தேல் டயர்ஸ் என்று பைபிள் பெயர் போட்ட பலகை. அப்பாடா என்று பார்த்தால் அங்கேயும் வாசலில் வாழைக்கன்று, இலை, சந்தனம் வைத்த ஸ்பேனர். காசிமாயனுக்கு வயிற்றெரிச்சல் தாங்கவில்லை.

"தம்பி, பலகையில பெத்தேல்னு போட்டுருக்கு. ஒனக்கு என்னய்யா ஆயுத பூஜை?"

கடைக்காரன் ஜெபக்குமார், தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவன். "வைக்கலன்னா பூஜை போடாத கடைன்னு ஒருத்தனும் வரமாட்டான் அண்ணாச்சி. வாசல்ல கிடக்கது துருப்பிடிச்ச பழைய ஸ்பேனரு. வேலை பாக்குத ஸ்பேனரு உள்ள இருக்கு. என்ன வேணும் சொல்லுங்க."

காசிமாயன் வாழ்க்கையில் முதல் தடவையாக முதல் வகையில் மூன்றாவதாக ஒருவனைச் சேர்க்கலாமா என்று யோசித்தார். யோசித்ததோடு சரி, சேர்க்கவில்லை.

ஜெபக்குமார் மொபெட்டில் ஜாக்கி, ஸ்பேனர், உப்புத்தாள், கம்பி பிரஷ் எல்லாம் ஏற்றிக்கொண்டு வந்தான். அளவு பார்த்து முடுக்குகிற நீள ஸ்பேனரும் ஒன்று வைத்திருந்தான். வேண்டிய அளவு வந்ததும் அது டக்கென்று சத்தம் கொடுத்து நிறுத்தச் சொல்லும். சக்கரத்தைக் கழற்றி டிரம்மைப் பார்த்ததும் அவனுக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் முறிந்த ஸ்டட்டைத் தடவிப் பார்த்தான், சிரிப்பு போய்விட்டது.

"பெயிண்ட் பாதி, இழுத்து முடுக்குனது பாதி. இது ரெண்டு முறிஞ்சிட்டு, மத்த நாலும் இழுபட்டுத்தான் கிடக்கும். ஆறையும் மாத்தாம இதுல ஆளை ஏத்தாதீங்க. இன்னும் ரெண்டு மூணு கிலோமீட்டர் ஓடியிருந்தா சக்கரம் தனியாப் போயிருக்கும், வண்டி இடது பக்கம் சாஞ்சிருக்கும்." இடது பக்கம் என்னும்போது அவன் கை வேனின் ஜன்னலைக் காட்டியது. ராக்கம்மாளின் சுண்டல் டப்பா அந்த ஜன்னல் ஓரத்தில்தான் இருந்தது.

அந்த நேரத்துக்குத்தான் ஒன்றாம் நம்பர் வேன் வந்து நின்றது. முனீஸ் என்கிற இளவட்ட டிரைவர் ஓட்டி வந்திருந்தான். போனில் சொன்னதைக் கேட்டுக் கிளம்பி வந்த முதலாளி கந்தப்பனும் பிரபாகரும் இறங்கினார்கள். கந்தப்பன் நேராகச் சக்கரத்துக்கு வந்தார். முறிந்த ஸ்டட் அவர் கண்ணில் படவில்லை. கழற்றிப் போட்டிருந்த நட்டில் சந்தனம் அழிந்திருந்ததுதான் பட்டது.

"ஏனப்பா காசி, பூஜை போட்டு முழுசா ஒரு பொழுது ஆகல. அதுக்குள்ள வண்டீல ஸ்பேனரைப் போட்டாச்சா? வருசம் பூரா வண்டி நல்லா ஓட வேண்டாமா?"

காசிமாயன் இதற்காகத்தான் காத்திருந்தார். இத்தனை வருஷமாக வாய்க்குள் வைத்துச் சுவைத்ததையெல்லாம் இருபத்து மூன்று பெண்கள் முன்னால் கொட்ட ஒரு சந்தர்ப்பம். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"வருசம் பூரா ஓடுறது இருக்கட்டும் மொதலாளி, இன்னைக்கு ஊரு போய்ச் சேருதான்னு பாருங்க. டிரம்முல பெயிண்ட் அடிச்சா நட்டு நிக்காது. குழாயைச் செருகிக் குதிச்சா ஸ்டட்டு முறியும். சின்னப் பிள்ளைக்குத் தெரியும், ஒங்க மெக்கானிக்குக்குத் தெரியாது. அட்டை மாட்டுன இந்தத் தம்பிக்குத் தெரியாது. ஒங்களுக்கும் தெரியாது. எனக்குத் தெரியும். காலையில வண்டியைப் பாத்த ஒடனேயே தெரியும். அறுபது கிலோமீட்டர் தாண்டாதுன்னு அப்பவே மனசுல போட்டு வச்சேன். சொன்னேன், ஸ்டியரிங்கைப் பாருங்கன்னாரு. சரி, பட்டுத் தெரிஞ்சுக்கட்டும்னு விட்டேன். இப்பத் தெரிஞ்சுச்சா?"

பிரபாகர் தலையைக் குனிந்தான். கந்தப்பன் முகம் சுண்டிப்போனது. காசிமாயன் பெருமையாகச் சுற்றிலும் பார்த்தார். பெண்கள் முகத்தில் அவர் எதிர்பார்த்தது இல்லை. ராக்கம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"காலையிலேயே தெரியுமா?"

"தெரியும்ங்கிறேன்ல."

"சீட்டுக்கு அடியில சாக்குல சுத்தி ஒரு ஸ்பேனர் வச்சிருப்பீங்களே. வருசா வருசம் டீக்கடையில நிறுத்தி முடுக்குவீங்களே. நா பாத்திருக்கேன். அது எங்க?"

காசிமாயன் வாய் கொஞ்சம் தயங்கியது. "அதையுந்தான் பூஜையில வச்சேன்."

"யாரு வைக்கச் சொன்னா?"

சாலையில் ஒரு லாரி போனது. அது கடந்து போகும்வரை அவள் காத்திருந்தாள். பனியனைத் திருப்பி அனுப்பும்போது தையல்காரனிடம் பேசுகிற குரலில்தான் பேசினாள், கத்தவில்லை.

"இவுகளுக்குத் தெரியாது. தெரியாமச் செஞ்சாக. ஒங்களுக்குத் தெரியும். தெரிஞ்சும், இருந்த ஒரு ஸ்பேனரையும் எடுத்துக் குடுத்துட்டு, எங்களை ஏத்திக் கதவைச் சாத்துனீங்க. சத்தம் கேக்குதுன்னு வந்து சொன்னதுக்கு எல்லாரையும் சிரிக்க வச்சீங்க. நா அந்தச் சக்கரத்து மேல உக்காந்திருந்தேன்."

"அதான் நிறுத்திட்டேன்ல?" என்றார் காசிமாயன். அவர் காதுக்கே அது நன்றாக இல்லை.

மயிலாள் சேலை முந்தானையை இழுத்துச் செருகினாள். "அப்ப எங்களையெல்லாம் வெச்சுத்தான் ஓனருக்குப் பாடம் எடுத்தீங்களாக்குங்க" என்றாள். மரியாதைக்கு ஒரு குறைச்சலும் இல்லை. காசிமாயன் தன் செருப்பைப் பார்த்தார்.

கந்தப்பனுக்கு மூச்சு வந்தது. சந்து கிடைத்தது என்று, "செரி செரி, ஆனது ஆயிப்போச்சு. அல்லாரும் ஒண்ணாம் நம்பர்ல ஏறுங்கம்மா. பொழுதோட ஊடு போய்ச் சேருங்க" என்றார்.

ஒருத்தியும் நகரவில்லை. ஒன்றாம் நம்பர் வேனும் வெள்ளிச் சக்கரமும் சிவப்பு நட்டுமாகத்தான் நின்றுகொண்டிருந்தது. மயிலாள் அதைப் பார்த்தாள், கந்தப்பனைப் பார்த்தாள்.

"ஓனருங்க, சித்த அக்கட்டால நில்லுங்க. சக்கரம் தெரியமாட்டேங்குது."

முதலாளி அக்கட்டால தள்ளி நின்றார். ஜெபக்குமார் ஒன்றாம் நம்பர் வேனுக்கு ஜாக்கி வைத்தான். ஒவ்வொரு சக்கரமாகக் கழற்றி, டிரம்மிலும் டிஸ்க்கிலும் பெயிண்டைச் சுரண்டி இரும்பை வெளியே கொண்டுவந்து, துணியால் துடைத்து, மறுபடி மாட்ட வேண்டும். பிரபாகர் அடையாள அட்டையைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு உப்புத்தாள் தேய்த்தான். பெண்கள் மரத்தடியில் உட்கார்ந்து சுண்டலைத் தின்றபடி கண்ணை எடுக்காமல் பார்த்தார்கள். இரண்டரை மணி நேரம் ஆனது. முதல் சக்கரத்தை மாட்டி நட்டு முடுக்குகிற நேரம் வந்தபோது காசிமாயன் கை நீட்டினார்.

"குடு தம்பி, நா முடுக்குறேன். ஒன்னுக்கு எதிர் ஒன்னா முடுக்கணும்."

ஜெபக்குமார் ராக்கம்மாளைப் பார்த்தான்.

"நீங்களே போடுங்க தம்பி" என்றாள் அவள்.

நீட்டிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் காசிமாயன் அதைக் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார். ஜெபக்குமார் எதிரெதிராகத்தான் முடுக்கினான். அளவு வந்ததும் ஸ்பேனர் டக்கென்றது, நிறுத்தினான். ஒரு குதியும் குதிக்கவில்லை. அவன் எழுந்ததும் ராக்கம்மாள் பையைத் திறந்து, செக்கிங் டேபிளில் மிச்சமாகி வந்த ஸ்டிக்கர் தாளை எடுத்தாள். சந்தனத்தைத் துடைத்துவிட்டு ஒவ்வொரு நட்டின் மேலும் ஒரு மஞ்சள் அம்பை ஒட்டினாள். இந்த நட்டின் அம்பு பக்கத்து நட்டைப் பார்த்தது, அதன் அம்பு அதற்கடுத்ததைப் பார்த்தது.

"நட்டு கொஞ்சம் திரும்புனாலும் அம்பு வேற பக்கம் பாக்கும். தூரத்துல இருந்தே தெரியும்" என்றாள் முனீஸிடம். "தாராபுரம் தாண்டுனதும் நிறுத்துங்க, பாக்கணும். ஊரு போனதும் பாக்கணும். நாளன்னைக்கு வண்டி எடுக்கைல, மறுபடி முடுக்காம ஒருத்தியும் ஏறமாட்டோம்."

"சரிக்கா" என்றான் முனீஸ்.

காசிமாயனுக்கு அம்பைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. முப்பது வருஷத்தில் தனக்குத் தோன்றாதது அது. யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. சொல்வதற்கு ஆள் இல்லை.

மூன்றாம் நம்பர் வேனுக்குக் காவலாகக் கந்தப்பனும் பிரபாகரும் மரத்தடியிலேயே நின்றார்கள், வேறு வண்டி வரச் சொல்லியிருந்தார்கள். ஜெபக்குமார் ஸ்பேனரில் ஒன்றை ராக்கம்மாள் கையில் கொடுத்துவிட்டு மொபெட்டை எடுத்தான். பெண்கள் ஏறினார்கள். காசிமாயன் முன்பக்கம் போய், முனீஸுக்குப் பக்கத்து சீட்டுக் கதவில் கை வைத்தார். டிரைவருக்கு அதுதானே இடம்.

"அங்க இல்ல" என்றாள் ராக்கம்மாள் படியில் நின்றபடி. இடது பக்கப் பின் சக்கரத்துக்கு மேலே இருந்த ஜன்னலைக் காட்டினாள். "இன்னைக்கு நீங்க அதுல உக்காருங்க."

அவர் ஏறிப் போய் உட்கார்ந்தார். ராக்கம்மாள் மயிலாளுக்குப் பக்கத்தில் முன் வரிசையில் உட்கார்ந்து, ஸ்பேனரை மடியில் வைத்துக்கொண்டாள். வண்டி கிளம்பியது. முதல் பள்ளத்தில் அவருக்குக் கீழே தகரம் படபடவென்று அடித்தது. காசிமாயன் இரண்டு கையாலும் முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். அப்புறம் அவர் அதை மூலனூர் வரைக்கும் விடவில்லை.